பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா...

2022 ஜூலை 22-ஆம் தேதி டெல்லியில் 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். சிறந்த படம் ‘சூரரைப் போற்று’. சிறந்த நடிகர் விருதில் சூர்யாவுக்குப் பங்கு, சிறந்த நடிகை அபர்ணா பாலமுரளி, பின்னணி இசைக்கு ஜி.வி.பிரகாஷ்குமார், திரைக்கதைக்கு சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும். அதே பட்டியலில் சிறந்த பின்னணிப் பாடகி என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது: நஞ்சியம்மா. படம், மலையாளத்தில் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’. கோவைக்காரர்களில் பலருக்கு அது ஒரு மலையாளப் படத்துச் செய்தி. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நஞ்சியம்மா இருப்பது கொச்சியிலோ திருவனந்தபுரத்திலோ இல்லை. கோவையிலிருந்து கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கேரள எல்லை, அட்டப்பாடி. அங்கே நக்குப்பதி என்ற ஊரில் ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த இருளர் பெண் அவர். அவர் பேசுவதும் பாடுவதும் தமிழுக்கு நெருங்கிய உறவான இருளர் மொழி. அட்டப்பாடி சனங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவை, சந்தை என்றாலும் கோவைதான். கோவை மாவட்டத்துக்குள்ளேயே ஆனைகட்டியைச் சுற்றிலும், வெள்ளியங்கிரி அடிவாரத்திலும், காரமடைக்கு மேலே பில்லூர்ப் பக்கமும் இருளர் ஊர்கள் உண்டு. படத்தில் அவர் பாடிய பாட்டைக் கேட்டவுடன் கேரளாவின் மற்ற பகுதிகளைவிடச் சீக்கிரமாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய நகரம் கோவை.

இன்னொரு உறவும் இருக்கிறது. கோவைக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் நாலு வார்த்தைக்குள் சிறுவாணித் தண்ணீரின் ருசி வந்துவிடும். அந்தச் சிறுவாணி அணை இருப்பது அட்டப்பாடி மலையில்தான். மலைத் தண்ணீரின் பெருமையைத் தலைமுறை தலைமுறையாகப் பேசும் நகரத்துக்கு, அந்த மலையில் யார் என்ன பாடுகிறார்கள் என்று ஒரு திரைப்படம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகும் பெரிதாகக் காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

விருது அறிவிப்புக்குப் பின் கேரளாவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லினு லால் என்ற இசைக்கலைஞர் ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ வெளியிட்டார். அதில் வசவு கிடையாது, சாதிப் பெயர் கிடையாது. நஞ்சியம்மா மீது மரியாதை உண்டு என்றுதான் பேச்சு. ஆனால் வாழ்க்கையையே இசைக்கு ஒப்புக்கொடுத்துக் கற்றவர்களுக்கு இந்த விருது அவமானமாக இருக்காதா என்று கேட்டார். வழக்கமான ஒரு பாட்டைக் கொடுத்து எத்தனை நாள் பயிற்சி எடுக்கச் சொன்னாலும் அவரால் பாட முடியுமா என்றும், வேண்டுமானால் ஒரு சிறப்புக் குறிப்பு கொடுத்திருக்கலாமே என்றும் வாதம் போனது. பிஜிபால், சித்தாரா கிருஷ்ணகுமார், ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், அல்போன்ஸ் ஜோசஃப் என்று முறையாக இசை படித்த பலர் நஞ்சியம்மா பக்கம் நின்று பதில் சொன்னார்கள். சில நாளில் பரபரப்பு அடங்கியது.

ஒரு தனிமனிதரைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை இங்கே எடுக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் வாய்விட்டுச் சொல்லாமல் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அதே ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகர் விருது ராகுல் தேஷ்பாண்டேவுக்கு. தன் தாத்தா வசந்த்ராவ் தேஷ்பாண்டேயின் வாழ்க்கையைச் சொல்லும் ‘மீ வசந்த்ராவ்’ மராத்திப் படத்தில் பாடியதற்காக. இந்துஸ்தானி இசையில் ஊறிய குடும்பம், தகுதியான விருது. ஆனால் அவரிடம் யாராவது ஓர் இருளர் பாட்டைக் கொடுத்து, ஒரு வருஷம் பயிற்சி எடுத்தாலும் உங்களால் பாட முடியுமா என்று கேட்டார்களா? கேட்கத் தோன்றாது. தேர்வு எழுத வேண்டியவர் யார், தேர்வு வைப்பவர் யார் என்பது மனசுக்குள் முன்பே முடிவாகியிருக்கிறது. விருது விதியோ எளிமையானது. படத்தில் பாடிய பாட்டுக்கு விருது. அந்தப் பாட்டை அவரைவிட நன்றாகப் பாடியவர் யார் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டைச் சாவகாசமாகக் கேட்டுப் பார்க்கலாம். படத்துக்கு இசை ஜேக்ஸ் பிஜாய். பாட்டின் வரிகள் நஞ்சியம்மாவுடையவை. குரல் நெஞ்சிலிருந்து நேராக வருகிறது. சுரத்தை அசைத்துக் குழைத்துக் காட்டும் கமக வேலை இல்லை. ஒரு சுரத்தில் போய் நின்றால் அங்கேயே கல் மாதிரி நிற்கிறார். வரியின் கடைசி எழுத்தைச் சட்டென்று விட்டுவிடுகிறார், இழுப்பதில்லை. மூச்சு விடும் இடங்கள் நமது சினிமாப் பாட்டுகளில் வருகிற இடங்களில் வருவதில்லை. காட்டில் எதிர்மேட்டில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உருவான குரல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இந்தப் பாட்டைப் பிறகு மேடைகளில் பாடியவர்கள் பலர், அழகாகவும் பாடினார்கள். அவர்கள் கையில் அந்த முரட்டு நிறுத்தங்கள் வழுவழுவென்று ஆகிவிடுகின்றன. அதை இழக்காமல் பாடுவது கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிகிறது. கஷ்டமானதைச் சுலபமாகச் செய்கிறவரை நாம் வித்துவான் என்போம், அவர் சபாவில் உட்கார்ந்திருந்தால்.

இதில் இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டோம். வரிகள் அவருடையவை என்றால் அவர் பாடலாசிரியர். ஆனால் நஞ்சியம்மாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ‘பழங்குடிப் பாட்டி’, ‘நாட்டுப்புறப் பாடகி’ என்பதெல்லாம் தாராளமாக வரும். கவிஞர் என்று வருவது அபூர்வம். மலைச் சனங்களின் பாட்டு என்றாலே அது காற்றிலும் மரத்திலும் தானாக விளைந்தது, யாரும் உட்கார்ந்து யோசித்துக் கட்டியதல்ல என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

புறக்கணிப்பு எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக மட்டும் இருப்பதில்லை. கொஞ்சிக்கொண்டும் வரும். படம் வருவதற்கு முன் வெளியான ஒரு விளம்பர வீடியோவில், பிருத்விராஜையும் பிஜு மேனனையும் தெரியுமா என்று இயக்குநர் சச்சி நஞ்சியம்மாவிடம் கேட்கிறார். தெரியாது என்கிறார் அவர், சிரித்துக்கொண்டு. அந்த வீடியோ பரபரவென்று பரவியது. எவ்வளவு வெள்ளந்தி, எவ்வளவு குழந்தை மனசு என்று லட்சக்கணக்கானவர்கள் உருகினார்கள். சச்சியின் அன்பில் சந்தேகம் இல்லை. அவர்தான் அந்தக் குரலைத் தேடிப் போய் படத்துக்குள் கொண்டுவந்தவர். படம் 2020 பிப்ரவரி 7-ல் வந்தது, ஜூன் 18-ல் அவர் காலமாகிவிட்டார், சிறந்த இயக்குநர் விருது அவர் மறைந்த பிறகே வந்தது. சிக்கல் பார்த்தவர்களிடம் இருக்கிறது. அறுபது வயதைத் தொட்ட ஒரு கலைஞரின் பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட, அவருக்கு நட்சத்திரங்களைத் தெரியாது என்பதைப் பேசுவது நமக்கு இனித்தது. பழனிசாமி என்பவரின் கலைக்குழுவோடு அவர் ஏற்கெனவே பல மேடை ஏறியவர் என்ற விவரம் அந்த உருக்கத்துக்கு இடைஞ்சல், அதனால் அதை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.

திறமையை ஏற்றுக்கொள்ளாமல் மனசை மட்டும் பாராட்டும் வித்தை உலகம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவில் ட்யூக் எலிங்டன் என்ற கறுப்பின இசைமேதைக்கு நடந்ததைப் பார்க்கலாம். 1963-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரையும் அவரது இசைக்குழுவையும் மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை என்று அனுப்பி வைத்தது. எங்கள் நாட்டின் இசை இதுதான் என்று உலகத்துக்குக் காட்ட. இரண்டு வருஷம் கழித்து, 1965-ல், புலிட்சர் பரிசின் இசைக்கான நடுவர் குழு, அந்த ஆண்டு எந்தத் தனிப் படைப்புக்கும் பரிசு வேண்டாம், எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்பு விருது கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. மேலே இருந்த குழு அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை என்று முடித்துக்கொண்டது. மூன்று நடுவர்களில் வின்த்ராப் சார்ஜன்ட், ரொனால்ட் அயர் இருவரும் பதவி விலகினார்கள். அப்போது எலிங்டனுக்கு 66 வயது. சின்ன வயதிலேயே ரொம்பப் பிரபலமாகிவிடக் கூடாது என்று விதி தன்மீது கருணை காட்டுகிறது போலும் என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன பதில் இன்றும் பேசப்படுகிறது.

கவனிக்க வேண்டியது, எலிங்டனை யாரும் திட்டவில்லை. கறுப்பர் என்பதால் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வைக்கவில்லை. சும்மா இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஜாஸ் நல்ல இசைதான், ஆனால் புலிட்சர் கொடுக்கிற வகை இசையா என்ற யோசனை. 1974-ல் எலிங்டன் இறந்தார். அவரது நூற்றாண்டான 1999-ல் புலிட்சர் குழு சிறப்பு விருது அறிவித்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ் ஆகிய இரண்டுக்கும் வெளியே இருந்து, ராப் பாடும் கென்ட்ரிக் லமார் அந்தப் பரிசை வாங்க 2018 ஆக வேண்டியிருந்தது.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. அமெரிக்கச் சரித்திரத்தை அப்படியே தூக்கி வந்து கொங்கு மண்ணில் நட்டுவிட முடியாது. இருளர் வரலாறு வேறு, கொங்கில் தப்படிக்கும் அருந்ததியர் வரலாறு வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் 1946-ல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவில் தீண்டப்படாதவர்கள் நிலைக்கும் அமெரிக்காவில் கறுப்பர்கள் நிலைக்கும் எவ்வளவோ ஒற்றுமை என்று அதில் குறிப்பிட்டார். டுபாய்ஸும் பதில் போட்டார். 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தொடங்கிய அமைப்புக்கு, அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அடிபட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கொங்கு நாட்டுக்குள் வந்தால் இந்தச் சும்மா இருத்தல் நோம்பி நோட்டீஸிலேயே அச்சாகிறது. மாரியம்மன் நோம்பிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது வழவழப்பான தாளில் பெயர்கள் நிரம்பி வழியும். அன்னதானம் உபயம் யார், வாணவேடிக்கை யார், மைக்செட் யார். நாதஸ்வரம் என்றால் வித்துவானின் ஊர், பட்டம், பெயர் எல்லாம் உண்டு. தவிலுக்கும் உண்டு. தப்புக்கு, அதாவது பறைக்கு? பல நோட்டீஸில் அந்த வரியே இருக்காது. இருந்தால், ‘மேளதாளம் முழங்க’ என்ற இரண்டு சொல்லுக்குள் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து ராத்திரி ராத்திரியாக இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவது கொட்டுக்குத்தான். கொட்டு நின்றால் ஆட்டம் நிற்கும். ஆனாலும் அடிக்கிறவர் யார் என்று கேட்டால், “அவிகதானுங்க” என்று ஒரு திசையைக் காட்டிப் பதில் வரும்.

கொங்கில் தப்படிப்பது பெரும்பாலும் அருந்ததியர் மீது சுமத்தப்பட்ட வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. சாவுக்கும் அவர்கள், சாமிக்கும் அவர்கள். ஒரு தப்புக்குழு அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும், அதில் எவ்வளவு கைத்தேர்ச்சி வேண்டும் என்று. வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, தோலை அந்தச் சூட்டில் காட்டுகிறார்கள். வெறும் விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். தொளதொளவென்று இருந்த ஓசை இறுகி இறுகி மேலே ஏறுகிறது. பக்கத்துத் தப்போடு சேரும் வரை திரும்பத் திரும்பச் சூடு காட்டுகிறார்கள். தம்புராவின் கம்பியை முறுக்கிச் சுதி சேர்ப்பதும் இதே வேலைதான், அங்கே கூட்டம் அமைதியாகக் காத்திருக்கும், இங்கே காத்திருப்பவர்கள் “சட்டுனு ஆரம்பிங்கடா” என்பார்கள். பிறகு ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. இரண்டுக்கும் வேறு வேறு வேலை. ஒன்று நடையைப் பிடிக்கும், மற்றது அதன் இடுக்கில் புகுந்து பொடிசாக நறுக்கும். நின்ற இடத்தில் அல்ல, ஆடிக்கொண்டே, வெயிலில், மணிக்கணக்காக.

இதைப் பற்றி உள்ளூரில் பேச்சுக் கொடுத்தால் கோபமாக யாரும் பேச மாட்டார்கள். கொங்குத் தமிழின் ‘ங்க’ எல்லாவற்றையும் மெத்தென்று ஆக்கிவிடும். “இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறா? நமக்கு அதுல அத்தன ஆர்வமில்லீங்க, அவ்வளவுதான்.” பேசுபவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஆர்வமில்லை. கேட்க வேண்டியது, அந்த ஆர்வம் ஏன் எப்போதும் ஒரே தெருவின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது என்பதுதான். ரசனை சொந்த விஷயம், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு வட்டாரமே ஒன்றாகச் சேர்ந்து ஒரே கலையின்மீது ரசனையற்றுப் போவது தற்செயலாக நடப்பதல்ல.

கலைமீதே இந்த மண்ணுக்கு நாட்டமில்லை என்றும் சொல்ல முடியாது. வள்ளிக்கும்மி சில வருஷங்களாகக் கொங்கு மாவட்டங்களில் எப்படிப் பெருகியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள், பெரிய மைதானங்கள், அரங்கேற்றம், ஆசிரியர்களுக்குச் சால்வை. அதற்காகவே வாழ்ந்த மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர், மனதார வாழ்த்த வேண்டிய விருது. அடுத்த ஆண்டே, 2025-ல், மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ. டெல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. ஊர் வைக்கவில்லை. கும்மிக்கு மகளை அனுப்பும் வீட்டில், தப்படிக்க மகனை அனுப்புவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நகரத்துக் கல்லூரி விழாக்களில் பறை அடிக்கும் மாணவர்களும், பறை கற்கும் ஐ.டி. இளைஞர்களும் பெருகியிருப்பது உண்மை, நல்ல மாற்றம். அதற்கு அரை நூற்றாண்டு தலித் இயக்கங்களும் கலைக்குழுக்களும் போட்ட உழைப்பு காரணம். ஆனால் கல்லூரி மேடையில் அடித்த பையன் ஊருக்குப் போனால் அதே கருவியைத் தன் தெருவில் எடுக்கிறானா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கறுப்பர்களின் கலை நேரடியாகவே கோவைக்கு வந்த கதையும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்பார்கள். ஏழைக் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளின் தெருக்கலை. அதைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, கோவைக்காரரான ஆதி ஜீவாவோடு சேர்ந்து அமைத்த ‘ஹிப்ஹாப் தமிழா’வுக்கு. இன்று கோவையின் எந்த இன்ஜினீயரிங் கல்லூரி விழாவும் ராப் இல்லாமல் முடியாது. பீட் வந்துவிட்டது, தொப்பி வந்துவிட்டது, கையசைவு வந்துவிட்டது. அதை உண்டாக்கியவர்களின் கதை மட்டும் பெரிதாக வரவில்லை. இதே நாட்டில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வாடகைக்கு வீடு பிடிப்பதே பெரும்பாடு என்பதையும், நம் சினிமாவில் கறுப்பு முகம் வந்தால் எத்தனை முறை சிரிப்புக்காக வந்தது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். இதற்கு ஆதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்கிற நம்முடைய காது அப்படிப் பழகியிருக்கிறது.

தமிழ் ராப்பில் சாதியை நேராகப் பேசிய பாடகர் அறிவுக்கு நடந்ததும் இங்கே பொருந்தும். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடியது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும், இலங்கைத் தமிழ் வம்சாவளிக் கனடியப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் இதைப் பொதுவில் கேட்ட பிறகு அறிவை வைத்தும் ஓர் அட்டை வெளியானது. மறு ஆண்டு ஜூலை 28-ல், நஞ்சியம்மாவின் விருது அறிவித்த அதே வாரத்தில், சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது, பாட்டை யார் எவ்வளவு உருவாக்கினார்கள் என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தத்தம் பக்கத்தைச் சொன்னார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உலகமே முணுமுணுத்த ஒரு பாட்டின் எழுத்துக்காரர் படத்தில் இல்லை என்பது, யாராவது ஒருவர் எழுந்து கேட்கும் வரை உறைக்காமலே இருந்தது. யாரும் திட்டம் போட்டு அவரை நீக்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. கவனக்குறைவாக மறந்துபோகக்கூடிய பெயர்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது, அதில் அவர் இருந்தார்.

மறுபடியும் மலைக்குப் போகலாம். அட்டப்பாடி கோவைப் பத்திரிகைகளில் பெரிதாக இடம்பெற்ற நாட்கள் கொஞ்சம். 2013-ல் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது. 2018 பிப்ரவரி 22-ல், அரிசி திருடினார் என்று மது என்ற ஆதிவாசி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்று, அதைச் செல்போனிலும் படம் எடுத்துக்கொண்டபோது. பசியும் சாவும் செய்தியாகின. பாட்டு செய்தியாக, அதற்கு தேசிய விருது வேண்டியிருந்தது. விருது வந்த பிறகும், கணவர் குடும்பத்தின் நிலம் பறிபோனதாகச் சொல்லி நஞ்சியம்மா அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது.

கவிஞர் ஒடியன் லட்சுமணன் இருளர் மொழியிலேயே ‘ஒடியன்’ என்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். இருளர் பாடல்களைத் திரட்டி ‘சப்பெ கொகாலு’ என்ற நூலையும் தந்தார். கொகால் என்பது இருளர் ஊதும் குழல். தவில், பொறை, ஜால்ராவோடு அது சேர்ந்து ஒலித்தால்தான் அவர்கள் வீட்டில் கல்யாணமும் நடக்கும், எழவும் நடக்கும். கரடியை விரட்டும் அசைவுகளோடு ஆடும் ஏலேலக்கரடி போன்ற ஆட்டங்களுக்கும் இவைதான். செக் அறிஞர் கமில் சுவலபில் 1970-களிலேயே இருளர் மொழிக்கு இலக்கணம் எழுதினார். பிராகாவிலிருந்து வந்தவருக்குக் கேட்டது. கோவையின் இலக்கியக் கூட்டங்களில் லட்சுமணனின் அந்த இரண்டு நூல்களும் எத்தனை மேடை கண்டன என்று யோசித்துப் பார்க்கலாம். மோசமான விமர்சனம் வந்திருந்தால்கூட ஒரு கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

தனிமனிதர்களின் மனசை மாற்றுவது நெடுநாள் வேலை. காகிதத்தில் மாற்றக்கூடியவையும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில், ஈரோட்டில் இருப்பது உட்பட, மூன்றாண்டு முழுநேரப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கப்படுபவை ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி என்று அண்மைக்காலத்தில் ஏற்பாடு வந்திருக்கிறது, வரவேற்கலாம். ஆனால் வாரக் கடைசியில் பழகுகிற கலை, மூன்று வருஷம் உட்கார்ந்து சான்றிதழோடு படிக்கிற கலை என்ற பிரிவினை அப்படியே நிற்கிறது. முறையாகக் கற்காதவர் என்று நாளைக்கு இன்னொரு நஞ்சியம்மாவைப் பார்த்து யாராவது சொல்வதற்கான வசதியும் அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. பறையும் கொகாலும் அந்த ஏழோடு எட்டாவது, ஒன்பதாவது பாடமாகச் சேர்வதற்கு ஓர் அரசாணை போதும். சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், ஆனைகட்டி பஸ் காந்திபுரத்திலிருந்தே புறப்படுகிறது.